எடைப் பெட்டியில் மழை

அன்றைக்கு அந்த மாடியறையில் இருந்தவர்கள்:

ஜெயபாலன், கம்ப்யூட்டர் கடை முதலாளி. லண்டனுக்குப் படிக்கப் போய்த் திரும்பியவர். படிப்பை முடித்தாரா என்று யாரும் கேட்டதில்லை. கழுத்தில் டை தொங்கும்போது அப்படியெல்லாம் கேட்கத் தோன்றாது.

மிஸ்டர் லிம், புக்கிட் நங்கா தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் ஆள். ரப்பர் மரத்தைக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தவர்.

சீனி, தோட்டத்துச் சங்கத் தலைவர், கீழ் டிவிஷன்காரர். சட்டைப் பையில் இரண்டு பேனா செருகியிருப்பார். அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

கார்த்திகேசு, பகல் நேரப் புரோகிராமர்.

உடையப்பன், இரவு நேரப் புரோகிராமர். பகல் வெளிச்சத்தில் வரச் சொன்னதால் கண் சிவந்து, யாரையோ கடிக்கப்போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

இருளாயி, மேல் டிவிஷன் பால்வெட்டுக்காரி, உடையப்பனின் அக்கா. மேல் டிவிஷன் சார்பில் ஒருவர் வர வேண்டும் என்றார்கள், வந்திருந்தாள். அறையில் ஐந்து நாற்காலிகள்தான். அவள் கதவோரம் நின்றாள்.

அப்புறம் கம்ப்யூட்டர். அதற்கென்று தனியாக ஏர்கோன் ஓடியது. கீழே கடை வைத்திருக்கும் மதார் சாகிப் தேத்தண்ணீர்த் தட்டோடு ஏறி வந்து, "மெஷினுக்குக் குளிரு, எனக்கு அடுப்பு. பொறந்தா மெஷினா பொறக்கணும்லா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வருஷம், எண்பத்தாறு, கோப்பெங் பக்கம் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறிக்கொண்டிருந்தன. புக்கிட் நங்காவும் மாறியது. மரங்களைச் சாய்த்துவிட்டு மனை போடுவதாகத் திட்டம். லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, சிம்பாங் பூலாய் பக்கத்தில் வீடு கட்டித் தருகிறோம், ஆனால் ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் என்று கம்பெனி சொன்னது. மற்றவர்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருளாயிக்குப் போக்கிடம் இல்லை. புருஷன் செத்துப் போயிருந்தான். அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த லயம்தான்.

யார் ஒழுங்காக வந்தார்கள் என்று மனிதன் சொன்னால் சண்டை வரும், கம்ப்யூட்டர் சொன்னால் வராது. இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் ஜெயபாலன் லிம்மிடம் வேலையைப் பிடித்தார். வழி சுலபம். ஒருவர் ஒரு நாளில் கொண்டுவந்த ரப்பர் பாலின் எடையைப் பார். எடை இருந்தால் அன்றைக்கு வந்தார். எடை சைபர் என்றால் வரவில்லை. குழந்தைக்குக்கூடப் புரியும் என்றார் ஜெயபாலன். குழந்தைக்கு மட்டும்தான் புரியும் என்று உடையப்பன் மனசுக்குள் நினைத்துக்கொண்டான்.

புரோகிராமை ஜெயபாலன் சிங்கப்பூரிலிருந்து தருவித்த ஒரு மொழியில்தான் எழுத வேண்டும். அந்த மொழியில் ஒரு விவரத்தை வைக்க ஒரு பெட்டி. பெட்டிக்கு ஒரு பெயர் வைத்தால் போதும். உள்ளே ஓர் எண்ணைப் போடலாம். அடுத்த வரியில் அதே பெட்டியில் ஆள் பெயரைப் போடலாம், ஊர்ப் பெயரைப் போடலாம். மொழி வாயைத் திறக்காது. ஓர் எழுத்தை எண்ணோடு கூட்டச் சொன்னால், எழுத்தைச் சைபர் என்று தானாகவே எடுத்துக்கொண்டு கூட்டிக் கொடுத்துவிடும். விளம்பரத் தாளில் இதற்குச் சுதந்திரம் என்று பெயர் போட்டிருந்தார்கள்.

இரண்டாம் பதிப்பில் ஒரு வசதி சேர்த்தார்கள். இந்தப் பெட்டியில் எண் மட்டுமே வரும் என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி வைக்கலாம். அப்படி எழுதி வைத்துவிட்டால், வேறு எது வந்தாலும் புரோகிராம் அந்த இடத்திலேயே நின்று, தப்பாக வந்திருக்கிறது என்று சொல்லும். இதற்கு டிக்ளேர் பண்ணுவது என்று பெயர். எழுதியே தீர வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். இஷ்டம் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் விடு.

இஷ்டம் இருந்தால் என்ற பேச்சைக் கேட்டாலே உடையப்பனுக்கு ஆகாது. அவன் அப்பா சன்னாசி ஓர் இஷ்டத்தால் வாழ்க்கை கெட்டவர். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று வேலை மேய்க்கும் தண்டல் ஒரு நாள் பெரட்டில் சொல்லிவிட்டுப் போனார். விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் கூட்டத்தைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அங்கே அரைத் தூக்கத்தில் கேட்ட விஷயம் எவனுக்கு நிற்கும்? சன்னாசி தனக்கு ஒதுக்கிய நெறையில் பால் வெட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். வருஷங்கள் கழித்து வேலைக்குப் பெர்மிட் காட்டச் சொன்னபோதுதான் தன் சிவப்பு அடையாள அட்டைக்குக் குடியுரிமை இல்லாதவன் என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரிந்தது. "கட்டாயம்னு எவனும் சொல்லலியே" என்று சொல்லிச் சொல்லியே செத்தார். கட்டாயமில்லாத விதியை எழுதுகிறவன் யாருக்காக எழுதுகிறான் என்று உடையப்பன் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான். ஒழுங்காக இருக்கிறவனுக்கு அது தேவையில்லை. ஒழுங்கில்லாதவன் அதைத் தொடவே மாட்டான்.

ஜெயபாலனிடம் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. பகலில் கார்த்திகேசு அதில் உட்காருவான், இரவில் உடையப்பன். உடையப்பனுக்கு அது வசதிதான். கல்லூரியைப் பாதியில் விட்டவன், சிலிபினில் ஒரு வாடகை அறையில் பகலெல்லாம் தூங்குகிறவன், மனிதர்களோடு பேச வேண்டாத நேரத்தில் வேலை. இரண்டு பேரும் ஒரே புரோகிராமை ஆளுக்குப் பாதி எழுதினார்கள், முகத்தைப் பார்த்துக்கொள்ளாமலேயே. தோட்டத்தில் தினமும் எடை எழுதும் கார்டுகளைப் படித்து விவரம் எடுப்பது கார்த்திகேசுவின் பாதி. அந்த விவரத்தை வைத்து வந்தாரா, வரவில்லையா என்று முடிவு செய்வது உடையப்பனின் பாதி. எந்தப் பாதி யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு பாதிக்கும் எழுதியவனின் பெயரையே வைக்கச் சொல்லியிருந்தார் ஜெயபாலன்.

பேச்சுவார்த்தை புரோகிராமுக்குள்ளேயே நடந்தது. வரியின் முன்னால் ஒரு குறி போட்டுவிட்டால் அந்த வரியை மெஷின் படிக்காது. அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

"ராத்திரி பேய் வந்துட்டுப் போயிருக்கு. எந்தப் பக்கம் திரும்புனாலும் டிக்ளேர். இதென்ன போலீஸ் ஸ்டேஷனா ஐசே?" என்று கார்த்திகேசு எழுதி வைப்பான்.

"மேல இருக்கிற வரிய எழுதுனவன் கண்ண மூடிக்கிட்டு எழுதியிருக்கான். தொடுறவங்க கைய கழுவிக்கவும்" என்று உடையப்பன் பதில் வைப்பான்.

"டிக்ளேர் வச்சா மெஷின் நின்னு நின்னு போவுது. எடுத்துட்டா நல்லா ஓடுது. எது தேவல?"

"பிரேக்க கழட்டுனா லாரியும்தான் நல்லா ஓடும்."

உடையப்பன் இரவில் எழுதிய டிக்ளேர் வரிகளைக் கார்த்திகேசு பகலில் அழிப்பான். உடையப்பன் அடுத்த இரவு மறுபடி எழுதுவான். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஜெயபாலன் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் மேல் டிவிஷனில் இருந்தது. அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்த சதாசிவம் ஒழுங்கான மனிதர். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட மாட்டார். மழை பெய்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது, எடையும் இல்லை. அன்றைக்கு எடை எழுத வேண்டிய கட்டத்தில் அவர் ஓர் எழுத்தை எழுதுவார். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் இங்கிலீஷில் மழைக்கு 'ஆர்' போட்டார். பிறகு தேசிய மொழி வந்தது. மலாயில் மழைக்கு ஹுஜான் என்பதால் 'எச்' போட ஆரம்பித்தார். தோட்டத்தில் பள்ளிக்கூடம் போகாத கிழவிக்குக்கூட எச் என்றால் மழை என்று தெரியும். சுண்ணாம்பு மலையை ஒட்டியிருந்ததால் மேல் டிவிஷனில் மழைக்கும் குறைவில்லை, எச்சுக்கும் குறைவில்லை.

மழை நாளிலும் சனம் வந்தாக வேண்டும். இருட்டில் எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கு வந்து, பெயர் கூப்பிட்டதும் இருக்கேன் என்று சொல்லி, தண்டல் வானத்தைப் பார்த்து வெட்டு இல்லை என்று சொன்ன பிறகுதான் லயத்துக்குத் திரும்பலாம்.

கீழ் டிவிஷன் கிராணி வேறு மாதிரி. மழை நாளில் அவர் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். எழுதவே மாட்டார். அந்த நாளுக்குக் கார்டே இருக்காது, அது கணக்கிலேயே வராது. ஆகவே, ஒரு கிராணியின் சோம்பேறித்தனம் கீழ் டிவிஷனைக் காப்பாற்றியது. இன்னொருவரின் ஒழுங்கு மேல் டிவிஷனைக் கெடுக்கக் காத்திருந்தது.

இது உடையப்பனுக்குத் தெரியும். அந்த லயத்தில் பிறந்தவன். எழுதியும் வைத்தான்: "மேல் டிவிஷன் கார்டுல எடைக்குப் பதிலா எச் வரும். எச்னா மழை. உன் பாதியில அத பிரிச்சுத் தனிப் பெட்டியில போட்டுரு. என் பக்கம் எண் மட்டும்தான் வரணும்."

அடுத்த நாள் பதில் இருந்தது: "பார்க்கலாம்லா, பேய் அண்ணே."

கார்த்திகேசு பார்க்கவில்லை. அவன் செய்யவில்லை என்பது உடையப்பனுக்கு நன்றாகத் தெரிந்தது. சில வரிகள்தான். உடையப்பன் உட்கார்ந்தால் ஒரு சிகரெட் முடிவதற்குள் எழுதியிருப்பான். எழுதவில்லை. அது கார்த்திகேசுவின் பாதி. உடையப்பன் தன் பாதியின் வாசலில், நானூற்றுப் பத்தாம் வரியில், இந்தப் பெட்டியில் எண் மட்டுமே என்று முந்தின இரவும் மறுபடி டிக்ளேர் பண்ணிவிட்டுக் காத்திருந்தான். லிம் வந்து உட்கார்ந்திருக்கும்போது மேல் டிவிஷன் கார்டுகள் ஓடும். கார்த்திகேசு எச்சை அப்படியே தள்ளிவிடுவான். புரோகிராம் நிற்கும். கார்த்திகேசுவின் முகம் எல்லாருக்கும் முன்னால் தொங்கும். இந்தக் காட்சியைப் படுக்கையில் பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தான். அதன் பிறகு எச்சைப் பிரித்தே தீர வேண்டும், அக்காவுக்கு வீடு வரும், மேல் டிவிஷனுக்கே வரும். அவன் கணக்கு அது.

சதாசிவம் எல்லாவற்றையும் சரிபார்த்து அனுப்பியதால் மேல் டிவிஷன் கார்டுகள் கடைசி நேரத்தில்தான் வந்தன. டைப் அடிக்கிற நவமணி, கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே அடித்து வைத்துவிட்டுப் போனாள். முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. நேரமிருந்தாலும் ஓட்டியிருக்க மாட்டார்கள்.

முதலில் கீழ் டிவிஷன். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு பெயர்களைத் துப்பியது. தன் பெயர் வந்ததும் சீனி எழுந்து நின்று, ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா மிஸ்டர் லிம்? மனுஷக் கை படல" என்று மலாயில் சொன்னார் ஜெயபாலன்.

அடுத்து மேல் டிவிஷன். மெஷின் கொஞ்சம் முனகியது. நின்றது. திரையில் பச்சை எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. எண் கேட்டேன், எழுத்து வந்தது. நின்ற இடம்: உடையப்பன், வரி நானூற்றுப் பத்து.

உடையப்பன் சிரித்துக்கொண்டே கார்த்திகேசுவைப் பார்க்கத் திரும்பினான். கார்த்திகேசுவும் சிரித்துக்கொண்டு இவனைத்தான் பார்த்தான். ஜெயபாலன் இவனைப் பார்த்தார். சீனி இவனைப் பார்த்தார். திரையில் இருந்தது இவன் பெயர். அப்போதுதான் உடையப்பனுக்கு உறைத்தது. மெஷின் தப்பு செய்தவன் பெயரைச் சொல்லாது. தப்பைக் கண்டுபிடித்து நிறுத்தியவன் பெயரைத்தான் சொல்லும். திருடன் ஓடிப் போய்விட்டான், வாசலில் நின்று கத்திய காவல்காரன் மட்டும் மாட்டிக்கொண்டான்.

"என்னப்பா இது? உன் பேருல நிக்குது" என்றார் ஜெயபாலன், லிம்மைப் பார்த்து இளித்துக்கொண்டே.

"நிறுத்துனதுதான் நான். எச்ச உள்ள விட்டது அவன். அவன் பாதியில பிரிக்கணும்னு எழுதி வச்சேன்."

"என் பாதி ஒழுங்கா ஓடிச்சே பாஸ்" என்றான் கார்த்திகேசு. "எங்கயும் நிக்கல. நீங்களே பார்த்தீங்க."

"நீ எதையும் கேக்காம உள்ள விட்டா எப்படிடா நிக்கும்?"

"கேக்கணும்னு சட்டம் இல்லையே மச்சான். இஷ்டம்தானே? நீங்க இஷ்டப்பட்டு வச்சீங்க, நீங்க மாட்டிக்கிட்டீங்க. அந்த ஒரு வரிய எடுத்துட்டா தண்ணி மாதிரி ஓடும்."

"எடு" என்றார் ஜெயபாலன்.

கார்த்திகேசு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தான். ஒரு தட்டு. நானூற்றுப் பத்து போய்விட்டது. மெஷின் தண்ணீர் மாதிரிதான் ஓடியது. எச்செல்லாம் சைபர் ஆனது, சைபரெல்லாம் வராத நாள் ஆனது. மலையோரத்தில் பெய்த மழை அத்தனையும் அந்தச் சனத்தின் தலையில் வரவில்லை வரவில்லை என்று விழுந்தது. பிரிண்டர் தொடங்கின வேகத்தில் முடித்தது. மேல் டிவிஷனுக்கு அரைப் பக்கம்கூட வரவில்லை. அதிலும் பாதிப் பேர் கிராணி வீட்டிலும் ஸ்டோரிலும் வேலை பார்த்தவர்கள், மழை அண்டாதவர்கள், அவர்கள் கட்டத்தில் சதாசிவம் தினமும் ஓர் எண் போட்டிருந்தார்.

லிம் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கட்ட வேண்டிய வீடுகள் குறைந்தால் எவன் முகம்தான் மலராது? மேல் டிவிஷன்காரர்கள் சோம்பேறிகள் என்று தனக்கு முன்பே சந்தேகம் இருந்ததாக மலாயில் சொன்னார். சீனி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

உடையப்பன் எழுந்து லிம்மிடமே சொன்னான். எச் என்றால் ஹுஜான், அந்த நாட்களில் அவர்கள் வந்திருந்தார்கள் என்றான்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் லிம், மலாயில், சிரித்த முகம் மாறாமல். "மழை என்றால் பால் இல்லை. பால் இல்லை என்றால் சைபர். சரியாகத்தான் சொல்கிறது."

கதவோரத்திலிருந்து இருளாயி கேட்டாள்: "டேய் தம்பி, என் பேரு வந்துச்சா?"

"வரல அக்கா."

"வரலியா? நீ உள்ள இருந்து என்னடா புடுங்குன? என் தம்பி கம்ப்யூட்டர்ல இருக்கான்னு லயம் பூரா சொல்லி வச்சிருக்கேன்."

"மழைய வராத நாளுன்னு எடுத்துக்குதுக்கா."

"மழைனாலும் பெரட்டுக்கு வந்தேன்லா! கிராணி பேரக் கூப்பிட்டாரு, இருக்கேன்னேன். ஒரு நாளு தப்புனது கெடையாது."

ஜெயபாலன் குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி சொன்னார். "அம்மா, அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு நிக்க வேண்டியதுதானே? மொதல்ல நின்னுச்சில்ல? ஏன் ஏத்தி விட்டீங்க?"

அவள் என்ன சொல்கிறாள் என்று லிம் கேட்டார். தேத்தண்ணீர் ஆறிப்போகிறதே என்று கவலைப்படுவதாக சீனி மொழிபெயர்த்தார். லிம் நன்றி சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

உடையப்பன் கார்த்திகேசுவை ஒதுக்கிவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தான். நானூற்றுப் பத்தாம் வரியை மறுபடி அடித்தான். ஓட விட்டான். நின்றது. மறுபடி அவன் பெயர்.

"எந்திரி" என்றார் ஜெயபாலன்.

"எச்ச பிரிச்சுட்டு எந்திரிக்கிறேன். கொஞ்ச நேரம்தான்."

"பிரிச்சா மேல் டிவிஷன் மொத்தமும் உள்ள வந்துரும். அந்த ஆளு இப்ப கையில வச்சுப் பார்த்து சிரிச்ச லிஸ்ட்ட நான் எப்படித் திருப்பி வாங்குறது? இவங்ககிட்ட இன்னும் மூணு தோட்டம் இருக்குப்பா."

"அவனுக்கு அவன் அக்கா பேரு வரணும். அதான் பிரேக் போடுறான்" என்றார் சீனி. "நியாயமாம் நியாயம். சொந்தக்காரிய உள்ள தள்ளுறதுக்கு ஒரு வித்தை."

"உங்க பேரு எப்படிண்ணே வந்துச்சு? உங்க கிராணி மழைக்குப் போத்திட்டுத் தூங்குனதால வந்துச்சு."

"வந்துச்சில்ல? அது போதும்லா."

ஜெயபாலன் லிம்மைப் பார்த்தார். லிம்முக்குத் தமிழ் தெரியாது. அவர் தேத்தண்ணீரோடு வந்த வெல்லக் கேக்கைப் பிட்டுக்கொண்டிருந்தார். ஜெயபாலன் தைரியமாகக் குரலை உயர்த்தியே பேசினார். "சரி. உன் அக்கா பேரு வரணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவு இல்ல."

"ஒரு வரி போதும் பாஸ்" என்றான் கார்த்திகேசு. அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பேரு இருளாயின்னு இருந்தா கணக்கே பார்க்காத, வந்தாச்சுன்னு போடு. முடிஞ்சுச்சு. இந்த மொழி ஏன் எதுக்குன்னு கேக்காது. ஆனா உங்க நானூத்திப் பத்து இருக்கக் கூடாது ஐசே. அது இருந்தா நின்னுரும்."

"கேட்டியா?" என்றார் ஜெயபாலன். "அக்காவுக்கு வீடு. நீ அந்த வரிய எடுத்துட்டு நல்லபடியா ராத்திரி வேலைக்கு வா. யாருக்கும் நட்டமில்ல."

யாருக்கும் நட்டமில்லை. மேல் டிவிஷனில் மற்றவர்கள் எல்லாரும் யாரும் இல்லை என்றால் அது சரிதான். உடையப்பன் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நம்ம லயத்து செல்லாயிக்கு? பாப்பாக்காவுக்கு? அவங்க வீட்ல சின்னப் புள்ளைங்க. ஒருத்திக்காக வரி போட்டா அதுக்குப் பேரு புரோகிராமா? நான் எந்திரிக்க மாட்டேன்."

கதவோரத்திலிருந்து இருளாயி கார்த்திகேசுவைப் பார்த்துச் சொன்னாள். "அந்த வரியப் போடு தம்பி."

"அக்கா!"

"என்னடா அக்கா? செல்லாயிக்கு அண்ணன் தைப்பிங்ல இருக்கான். பாப்பாவுக்கு மூணு ஆம்பளப் புள்ளைங்க. எனக்கு யாரு? நீயா? பகல் முழுக்கத் தூங்குற ஒரு ரூமு வச்சிருக்கியே, அங்கயா வந்து படுக்கச் சொல்ற?"

"அவங்க நாளைக்குக் கேட்டா என்ன சொல்லுவ?"

"மெஷின் சொல்லிச்சுன்னு சொல்லுவேன். நீங்க எல்லாரும் அதத்தானே சொல்றீங்க?"

கார்த்திகேசு சிரித்துவிட்டான். சீனிகூடச் சிரித்தார். லிம் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். அவர்கள் சிரிப்பு அடங்கும் வரை உடையப்பன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இன்னும் அவன் பெயர் இருந்தது. எண் கேட்டவன். தான் படுக்கையில் ஓட்டிப் பார்த்த காட்சி நினைவுக்கு வந்தது. அந்தச் சில வரிகளை அன்றைக்கு இரவே எழுதியிருந்தால் இப்போது இந்த அறையில் ஒன்றுமே நடந்திருக்காது. பட்டியல் நீளமாக வந்திருக்கும், லிம் முகத்தைச் சுளித்திருப்பார், அவ்வளவுதான். கார்த்திகேசுவின் முகம் தொங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டான். இப்போது எல்லாரும் நன்றாகத்தான் சிரிக்கிறார்கள்.

"நான் எடுக்க மாட்டேன்" என்றான்.

"எடுக்க வேணாம். எந்திரிடா" என்றாள் இருளாயி. "அந்தத் தம்பி ஒக்காரணும்."

ஜெயபாலன் சொன்னபோது எழாதவன் அவள் சொன்னதும் எழுந்தான். எழுந்து நின்றதும் அறையில் தனக்கு வேலையில்லை என்று தெரிந்தது. கார்த்திகேசு நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் அதில் உட்கார்ந்து, நானூற்றுப் பத்தை அழித்தான். அடித்துக்கொண்டே, "இருளாயிக்கு எத்தன எழுத்துக்கா, இங்கிலீஷ்ல?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? கார்டுல இருக்கிற மாதிரி போடு. தப்பா போட்டுறாத."

"தப்பா போட்டா வராதுலா. அதுல மட்டும் இந்த மொழி ரொம்ப கண்டிப்பு."

"ராத்திரி வரட்டுமா?" என்று உடையப்பன் ஜெயபாலனிடம் கேட்டான். கேட்டதற்காகத் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

"நீ ராத்திரி வந்தா காலையில அந்த வரி திரும்ப இருக்கும்" என்றார் ஜெயபாலன். டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "வேணாம்ப்பா. கீழ பாய் கடையில தே குடிச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போ. சாவிய வச்சுட்டுப் போ."

உடையப்பன் சாவியைப் பிரிண்டர் பக்கத்தில் வைத்தான். பிரிண்டர் மறுபடி கிறீச்சிட ஆரம்பித்திருந்தது. கதவைத் திறந்தபோது அக்கா ஒதுங்கி வழி விட்டாள். மூக்குத்தி குளிரில் வெளிறித் தெரிந்தது, சேலைத் தலைப்பைத் தோளில் இறுக்கிப் போர்த்தியிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று ஒரு படி தாமதித்தான்.

"கீழ நிக்காத, நேரம் ஆகும்" என்றாள். "நான் பஸ்ஸு புடிச்சுப் போயிக்கிறேன்."

"ஏர்கோன் வெளிய போவுதும்மா" என்று உள்ளேயிருந்து ஜெயபாலன் சத்தம் போட்டார். "கதவ சாத்திட்டு வந்து ஒக்காருங்க. நாற்காலி காலியா இருக்கு பாருங்க. சாவி இங்க இருக்கு, பூட்டிருங்க. அவன் திரும்ப ஏறி வந்தாலும் வருவான்."

உடையப்பன் பாதிப் படி இறங்கியிருந்தான். கீழே மதார் சாகிப் கடையிலிருந்து எண்ணெய்ப் புகை மேலே வந்தது. தலைக்கு மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சாவி முதலில் தப்பாக நுழைந்து, வெளியே வந்து, மறுபடி நுழைந்து திரும்பியது. பழக்கமில்லாத கை. அக்காதான் பூட்டினாள்.